மூப்பர் விட்ட இடைவெளி

இராயப்பரை ஏற்றிய கப்பல் தலைமன்னார் பியரை, அந்தக் கப்பல் பாலத்தை, விட்டுப் போனது 1972ஆம் ஆண்டு ஒக்டோபர் மாதக் கடைசிச் செவ்வாய்க்கிழமை. பல நாளாக அடித்த காற்று அன்று காலைதான் அடங்கியிருந்தது. கடல் ஆறிய பாலைப்போல ஆடை கட்டிக் கிடந்தது. பஸ்ரியன் மூப்பர் பாலத்தின் நுனிவரை போய் நின்றார். கப்பல் புள்ளியாகி, புள்ளியும் வெளிச்சத்தில் கரைந்த பிறகும் நின்றார்.

பஸ்ரியன் ரயில்வே போட்டர். கொழும்பு ரயிலில் வரும் பெட்டிகளைத் தலையில் சுமந்து இந்தியக் கப்பலில் ஏற்றுவார். பின்னேரம் குளித்து வெள்ளைச் சட்டை போட்டால் எங்கள் சின்ன அந்தோனியார் கோயிலின் மூப்பர். சுவாமியார் ஞாயிறில் மட்டும் வருவார். மற்ற நாட்களில் கோயில் கதவின் சாவி, எங்கள் பேச்சில் திறப்பு, பஸ்ரியனின் இடுப்பில் இருக்கும். செபமாலையை முன்னின்று சொல்பவரும் அவர்தான். மாலையின் ஒவ்வொரு மணிக்கும் மாதாவை வாழ்த்தும் முன்பாதியை அவர் சொல்வார், மன்றாடும் பின்பாதியைச் சனம் சொல்லும். அவர் குரல் இறங்குமுன் சனத்தின் குரல் ஏறும். அது இறங்குமுன் அவர் அடுத்ததைப் பிடிப்பார். அலைமேல் அலை.

அந்த வருடங்களில் தாடியும் தோள்பையுமாக வெள்ளைக்காரப் பிள்ளைகள் இந்தியாவுக்குக் கப்பலேறிக்கொண்டிருந்தார்கள்.

"இவையின்ரை ஆக்கள்தான் எங்களுக்குச் சிலுவை கொண்டுவந்தவை. இப்ப இவை என்னத்தைத் தேடிப் போகினம்?" என்று மூப்பர் தன் மனைவி மாக்கிறட்டிடம் கேட்பாராம்.

"கொண்டுவந்த இடத்திலை வைச்சிட்டு மறந்துபோச்சினமாக்கும்" என்பாராம் மாக்கிறட்.

அப்படி வந்த ஒருவர்தான் ஒல்லாந்துப் பிள்ளை பீத்தர். தெற்கே பிக்குமாரிடம் மாதக்கணக்கில் தியானம் பழகிவிட்டு, இமயமலைப் பக்கம் போகப் புறப்பட்டவர். காற்றால் கப்பல் நின்றுபோக, பாலத்தடி மணலில் கண்மூடி உட்கார்ந்தார். கழுதைகள் வந்து முகர்ந்தன. அவர் அசையவில்லை. மூப்பர் குனிந்து பார்த்தார். மூச்சு இருந்தது, ஆள் இல்லை. வலிப்பு என்று முடிவு கட்டினார். வலிப்பு வந்தவர் கையில் இரும்பு கொடுப்பது எங்கள் பக்கத்து வழக்கம். மூப்பரிடம் இருந்த இரும்பு கோயில் திறப்பு. அதை அந்தக் கைக்குள் வைத்து அழுத்தினார்.

பீத்தர் கண்ணைத் திறந்தார். துறைமுக ஆங்கிலத்தில் இருவரும் பேசியதை மூப்பர் பிறகு தன் தமிழிலேயே எங்களுக்குச் சொல்வார்.

"ஐயா, இது எந்தக் கதவுக்கு?"

"கோயில் கதவுக்கு, தம்பி. உம்மடை பேர் என்ன? பீத்தரோ? அப்ப நீர் இராயப்பர், மோட்சத்துத் திறப்பு வைச்சிருக்கிற அப்போஸ்தலர். திறப்பு உம்மடை கையிலை இருக்கிறது சரிதான்."

அன்று பின்னேரம் இராயப்பர் கோயிலின் கடைசி மர வாங்கில் வந்து இருந்தார். செபம் முடிந்ததும் வாசலில் கேட்டார்: "வடிவான செபம், ஐயா. ஆனா நீங்கள் ஒருத்தரும் மூச்சு விடேல்லை. மாதா ஏதும் சொல்ல நினைச்சால் எப்ப சொல்லுவா?"

அன்றிரவு மூப்பர் தனியே மாலையை உருட்டி, நிறுத்தி நிறுத்திச் சொல்லிப் பார்த்தார்.

அடுத்த நாள் கோயிலில், மாலையின் முதற் பத்து மணிகளைச் சொல்லி முடித்ததும் நிறுத்தினார். ஓட்டில் மணல் விழுவது கேட்டது. கிழவி ஒருத்தி இருமினார். யாரோ "மூப்பருக்கு மறந்துபோச்சு" என்றார்கள். கடைசியில் டொமினிக் சம்மாட்டி, பாதி ஊருக்கு வள்ளமும் வலையும் கொடுத்து வைத்திருந்தவர், தானே அடுத்ததைத் தொடங்கினார். வெளியே வந்து சத்தம் போட்டார்.

"என்ன மூப்பர், எங்களைப் பிக்குமாரின்ரை பன்சலைக்குக் கூட்டிக்கொண்டு போறீரோ? சும்மா இருக்கிறதுக்குக் கடற்கரை இருக்கு. செபமாலை மாத முடிவுச் சுற்றுப்பிரகாரத்திலையும் இப்பிடி நிண்டீரெண்டால் திறப்பைத் தந்திட்டுப் போம்."

வீட்டில் மாக்கிறட் சொன்னார்: "நான் கதைக்கேக்கை ஒருநாளும் வாயை மூடிக் கேட்டதில்லை. மாதாவுக்கு மட்டும் மரியாதை."

மூப்பர் மறுபடி இராயப்பரிடம் போனார். "கண்ணை மூடினால் உமக்கு என்ன கேக்குது?"

"ஒண்டுமில்லை. அதுதான் வேணும். வாறதெல்லாத்தையும் போகவிட வேணும்."

மூப்பரும் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தார். பெட்டியை இறக்கிய தலைபோல லேசாக இருந்ததாம். அந்த லேசை அவர் ஒருநாளும் பழித்ததில்லை. ஆனால் எழும்பும்போது சொன்னாராம்: "தம்பி, பெட்டியை இறக்கினால் ஆரின்ரை பெட்டியெண்டு பாத்து அந்த ஆளிட்டைக் குடுக்க வேணும். எனக்கு ஒண்டுமில்லாதது காணாது. ஆரோ இருக்க வேணும்."

காற்று ஓயும்வரை மூப்பர் இராயப்பருக்குத் தமிழில் செபம் சொல்லிக்கொடுத்தார், முன்பாதியை மட்டும்.

"மற்றப் பாதி?"

"அது உமக்கில்லை. சொல்லிப்போட்டு நிப்பாட்டும்."

"ஆர் பதில் சொல்லுவினம்?"

"அதைத்தான் நானும் கேக்கப் போறன்."

கப்பல் போனது. அன்றே மாத முடிவு; இரவில் மாதா சுரூபம் வீதிக்கு வந்தது. சிறுமியாக நானும் மெழுகுதிரியோடு நடந்தேன். கடற்கரைத் திருப்பத்தில் மூப்பர் நிறுத்தினார். எல்லோரும் நின்றோம். திரிகள் படபடத்தன, கடல் வெகுதூரத்தில் யாரோ புரண்டு படுப்பதுபோல ஒலித்தது. அது எவ்வளவு நேரமோ எனக்குத் தெரியாது, இன்னும் முழுதாக முடியவில்லை என்றே நினைக்கிறேன். டொமினிக் சம்மாட்டி கையை நீட்டினார். மூப்பர் இடுப்பிலிருந்து திறப்பை அவிழ்த்துக் கொடுத்தார்.

அதன்பின் பஸ்ரியன் கடைசி வாங்கில் இருந்தார். சனத்தோடு பின்பாதியைச் சொன்னார். ஊர் மட்டும் அவரை மூப்பர் என்றே கூப்பிட்டது.

வளர்ந்த பிறகு நானும் அதே கப்பலில் இந்தியாவுக்குப் போனவள். காசி, புத்தகயா, மலைமடங்கள் என்று பல கண்மூடிய மண்டபங்களில் இருந்துவிட்டு 1982இல் திரும்பினேன். மூப்பர் கேட்டார்: "எங்கையாவது பதில் கேட்டதோ, பிள்ளை?"

"அமைதி இருந்தது, மூப்பர்."

"ஓம், அது இருக்கும்" என்றார்.

அந்த வருடம் ஒல்லாந்திலிருந்து அவருக்குக் குரல் பதிந்த ஒரு கசெற் வந்தது. கசெற் போடும் றேடியோ சாஹுல் ஹமீட் நானாவின் கடையில்தான் இருந்தது. ஊரே கூடியது. டொமினிக் சம்மாட்டிக்குக் கதிரை போட்டார்கள்.

முதலில் இராயப்பரின் ஆங்கிலம் வந்தது. நான் தமிழில் சொன்னேன்: "மூப்பர், நான் இங்கே ஆட்களுக்குத் தியானம் பழக்குகிறேன். எல்லாரும் போன பிறகு, நீங்கள் தந்த பாதியைச் சொல்லிவிட்டு நிறுத்துகிறேன்."

பிறகு தடுக்கித் தடுக்கித் தமிழ் வந்தது. "அருள் நிறைந்த மரியே..." முன்பாதி முடிந்தது. நாடா சத்தமின்றிச் சுற்றியது.

"பழுதாப்போச்சு" என்று நானா றேடியோவை நிறுத்தக் கையை நீட்டினார்.

"தொடாதையும்!" என்று அதட்டியவர் டொமினிக் சம்மாட்டி. அவரே எழும்பி, "அர்ச்சிஷ்ட மரியாயே" என்று பின்பாதியைத் தொடங்கினார். பஸ்ரியன் மூப்பரும் நாங்களும் சேர்ந்துகொண்டோம். ஆமென் சொல்லி முடித்தோம்.

றேடியோவுக்குள் இராயப்பர் மூச்சை இழுத்து, அடுத்த மணியைத் தொடங்கினார்.