மேல்மாடி அக்கா சொன்ன முடிவு

குவைத்தில், ஃபர்வானியாவில், ஓர் அடுக்குமாடியின் நான்காம் மாடியில் வீட்டு வேலைக்கு இருந்தேன். மேடம் வெளியே போனால் என்னை உள்ளே வைத்துப் பூட்டிவிடுவார். அப்போதெல்லாம் மேல்மாடியில் வேலை செய்த யாழ்ப்பாணத்து அக்கா, சமையலறை ஜன்னல் வழியாக எனக்கு ஒரு நாவலை வாசித்துக் காட்டுவார். அவர் முகத்தை நான் பார்த்ததே இல்லை. ஆப்பிரிக்காவில் வெள்ளைக்காரத் துரை வீட்டில் அடிபட்டு ஓடிப்போகும் வேலைக்காரனின் கதை அது.

கதை பாதியில் இருந்தது. மேடம் இஸ்திரிப்பெட்டியால் என் கையைச் சுட்ட அன்று, நான் அந்த ஜன்னல்மேல் ஏறிவிட்டேன். குதிக்குமுன் ஒன்று மட்டும் தெரிய வேண்டியிருந்தது.

“அக்கா, அவன் தப்பிச்சானா?”

மேலே தாள்கள் வேகமாகப் புரளும் சத்தம் கேட்டது.

“தப்பீட்டான் பிள்ளை. ஊருக்குப் போய்ச் சேர்ந்திட்டான். நீயும் போவாய்.”

நான் உள்ளே இறங்கினேன்.

பல வருடம் கழித்து எங்கள் ஊர் ஹட்டனில் அந்தப் புத்தகம் கிடைத்தது. கடைசிப் பக்கத்தில் அவன் வழியிலேயே செத்துப்போகிறான். புத்தகத்தில் இல்லாததை அக்கா அன்று எனக்காக வாசித்திருக்கிறார்.