அண்டா கேஸ்

என் அக்காவை இரண்டாவதாகக் கேட்டு வந்தவர் குற்றாலத்தில் எண்ணெய்க் கடை வைத்திருந்தார். சாரல் காலத்தில் அருவியில் குளிக்க வருகிறவர்கள் அவர் கடையில்தான் தலைக்கு எண்ணெய் வாங்குவார்கள். அவருடைய முதல் தாரம் காய்ச்சலில் இறந்துபோயிருந்தாள். ஆள் ரொம்ப நல்லவர் என்று கேட்ட இடத்திலெல்லாம் சொன்னார்கள். எல்லாரும் ஒரே மாதிரி சொன்னதால் எனக்குக் கொஞ்சம் சந்தேகமாகத்தான் இருந்தது.

எங்கள் ஜாதியில் ஒத்துவராத புருஷனும் பெண்டாட்டியும் தீர்த்துக்கொண்டு பிரிவதும், பிறகு பெண் மறுதாலி கட்டிக்கொள்வதும் உண்டு. அக்காவை முதலில் கீழப்பாவூரில் கட்டிக்கொடுத்திருந்தோம். இரண்டு வருஷம் இருந்துவிட்டு, ஒரு நாள் மத்தியானம் மாற்றுச் சேலைகூட இல்லாமல் எங்கள் ஊரான குத்துக்கல்வலசைக்கு நடந்தே வந்துவிட்டாள். அப்போது நான் கொல்லத்தில் ஒரு மளிகைக் கடையில் வேலையாக இருந்தேன். வீட்டில் என்ன நடந்தது என்று எனக்குச் சரியாகத் தெரியாது. லீவில் வந்தபோது, "கோர்ட்டுலயே தீர்த்தாச்சு" என்று அப்பா சொன்னார். அதற்கு மேல் கேட்க எனக்குக் கூச்சம். அப்பாவும் போய்ச் சேர்ந்த பிறகுதான் நான் ஊரோடு வந்தேன்.

எண்ணெய்க் கடைக்காரரின் தமையனார் எங்கள் வீட்டுக்கு வந்து, காப்பியைக் குடித்து முடித்துவிட்டுப் பேச்சை ஆரம்பித்தார்.

"தீர்ந்துட்டுன்னு நீங்க சொல்லுதிய. கோர்ட்டு சொல்லுதா?"

"அப்பா சொன்னாங்க அண்ணாச்சி."

"உங்கப்பாவை நான் எங்கன போய்த் தேட? தம்பி, நாளைக்கு அந்தக் கீழப்பாவூர்க்காரன் எம் பொண்டாட்டியை வச்சிருக்கான்னு பிராது குடுத்தான்னா எந் தம்பிதான் ஜெயிலுக்குப் போவான். கோர்ட்டு நகலை வாங்கிக் காட்டுங்க. ஆவணியில முடிச்சிருவோம். இல்லைன்னா எங்களுக்கு வேற இடமும் வந்திருக்கு."

அந்த 'வேற இடம்' என் நெஞ்சில் தைத்தது. சம்பந்தத்தைத் தட்டிக்கழிக்கத்தான் நகல் கேட்கிறாரோ என்று நினைத்தேன். அக்கா அடுப்படியில்தான் இருந்தாள். ஒரு பாத்திரச் சத்தம்கூட வரவில்லை. அவளுக்கு அப்போது முப்பத்திரண்டு வயது. இது போனால் இன்னொன்று வராது என்பது மூன்று பேருக்கும் தெரிந்திருந்தது.

வீட்டில் காகிதம் ஒன்றும் இல்லை. அக்காவிடம் கேட்கலாம்தான். உன்னை எப்படித் தீர்த்துவிட்டார்கள் என்று ஒரு தம்பி எந்த வாயால் கேட்பது? தென்காசி முன்சீப் கோர்ட்டுக்கு நானே போனேன். வராந்தாவில் ஒரு தூணை ஒட்டி வெகுநேரம் நின்றேன். ஒரு வக்கீல் குமாஸ்தா, வெற்றிலைச் சாற்றைத் துப்பிவிட்டு வந்தவர், தாமாகவே கேட்டார்.

"என்ன வே, தூணுக்குக் காவலா?"

"ஒரு விடுதலை நகல் வேணும்."

எங்கள் பக்கத்தில் தீர்த்துவிடுவதை விடுதலை என்றுதான் சொல்வோம். அவர் தலையை ஆட்டிக்கொண்டார்.

"எந்தக் கேசு? களவா, அடிதடியா?"

"அக்காவுக்கு."

"அக்கா களவாண்டாளா?"

பக்கத்தில் ஸ்டாம்பு விற்றுக்கொண்டிருந்தவர் சிரித்த சிரிப்பில் அவருடைய மூக்குக்கண்ணாடி கீழே விழுந்தது. எனக்குக் காது சுட்டது. திக்கித் திணறி விஷயத்தைச் சொன்னேன். குமாஸ்தா சிரிக்கவில்லை.

"புருஷன் பெண்டாட்டி தீர்வைன்னு இந்தக் கோர்ட்டுல ஒரு கேசே கிடையாது வே. அது சர்ச்சுக்குப் போற வேதக்காரங்களுக்கு உள்ள சட்டம். அதுக்கும் ஜில்லாக் கோர்ட்டுக்குப் போகணும். நம்ம ஆளுகளுக்கு ஜாதி வழக்கந்தான். உங்கப்பா உம்மகிட்ட என்னமோ கதை விட்டிருக்காரு."

அப்பா மற்றவர்களை நம்ப மாட்டார். ஆனால் கதை விடுகிறவர் அல்லர். குமாஸ்தாதான் எதையோ மறைக்கிறார் என்று எனக்குப் பட்டது. நான் நகராமல் நின்றதைப் பார்த்துவிட்டு, அப்பா பேரையும் வருஷத்தையும் கேட்டார். எங்கள் ஊர்க் குளம் உடைந்த வருஷம் என்றேன். தேடிப் பார்க்க ஒரு மனு எழுதிக் கொடுத்து, அடுத்த வாரம் வரச் சொன்னார்.

அடுத்த வாரம் போனபோது முகத்தில் சிரிப்போடு இருந்தார்.

"உங்கப்பா பேருல ஒண்ணே ஒண்ணு இருக்கு. கீழப்பாவூர்க்காரன்தான் பிரதிவாதி. ஆனா வே, இது அண்டா கேசுல்லா! பித்தளை அண்டா ஒண்ணு, குத்துவிளக்கு ரெண்டு, காதுப் பாம்படம் ஒரு ஜோடி, திருப்பிக் கேட்டுப் போட்ட பிராது."

"அது இல்லைங்க. நான் கேக்கது விடுதலை."

"நகல் வேணுமா, வேண்டாமா?"

வேண்டாம் என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன். வேண்டாத நகலை என் தலையில் கட்டப் பார்க்கிறார் என்றுதான் வழியெல்லாம் நினைத்தேன்.

வீட்டுக்கு வந்து, கோர்ட்டுக்காரர்கள் ஏமாற்றுக்காரர்கள் என்று பொதுவாகச் சொல்லுகிறவன் போல, அண்டா என்ற சொல்லையும் சொல்லிவிட்டேன். அக்கா அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். முறம் அப்படியே நின்றது.

"ஏலே, நீ அங்கன என்னன்னு கேட்ட?"

"விடுதலைன்னு."

"கூறுகெட்டவனே. அண்டா கேசுதாம்லே எங் கேசு!"

சீர் சாமான்களைத் திருப்பிக் கேட்டு அப்பா பிராது போட்டாராம். வாய்தாவில் இரண்டு பக்கத்துப் பெரியவர்களும் பேசி ராஜியாகி, அந்த ராஜியிலேயே தீர்வையையும் எழுதி, கோர்ட்டும் ஒத்துக்கொண்டதாம். அவளை யாரும் கூப்பிட்டுக் கேட்கவில்லை. வண்டியில் போனவர்கள் திரும்பி வந்து, முடிந்தது என்றார்களாம்.

மறுநாள் முதல் ஆளாகக் கோர்ட்டில் நின்றேன். குமாஸ்தா பழையதைச் சொல்லிக் காட்டவில்லை. "தூணுகிட்டயே நில்லும்" என்று மட்டும் சொன்னார். சில நாள் கழித்து நகல் கைக்கு வந்ததும், நடுத்தெருவில் நின்றே படித்தேன். சாமான்களைத் திருப்பிக் கொடுத்து, வாதி பெற்றுக்கொண்டதாகக் கோர்ட்டில் எழுதிக்கொடுத்த நாள் முதல், புருஷனும் பெண்டாட்டியும் ஒருவருக்கொருவர் பாத்தியம் இல்லை. இருவரும் மறுமணம் செய்துகொள்ளலாம் என்று இருந்தது. அதன் கீழே விளக்குக்கும் பாம்படத்துக்கும் அப்பா கையெழுத்துப் போட்டிருந்தார். அண்டாவுக்கு இல்லை.

அக்காவுக்குப் படித்துக் காட்டினேன்.

"அப்போ இத்தனை வருசமா நான் அந்த அண்டாவுக்குப் பொண்டாட்டியா இருந்திருக்கேன்."

பிறகு விவரம் சொன்னாள். கீழப்பாவூரிலிருந்து அண்டாவையும் வண்டியில் கொண்டுவந்தார்களாம். அப்பா அதைச் சுண்டிப் பார்த்தார். எங்கள் வீட்டுச் சாமான்களில் எல்லாம் அவர் பேரை வெட்டியிருக்கும். இதில் அந்த இடம் சுரண்டியிருந்தது. "இது என் அண்டா இல்லை. நல்லதை வச்சுக்கிட்டு மட்டத்தைத் தள்ளப் பாக்கான்" என்று வண்டியைத் திருப்பி அனுப்பிவிட்டார்.

அதைக் கேட்ட அன்று இன்னொரு சந்தேகமும் வந்தது. அம்மா இறந்த வருஷம் அது. வீட்டில் சோறு பொங்க ஆள் வேண்டியிருந்தது. அண்டாவும் வந்தால்தான் தீர்வை என்று எழுதியிருந்ததை அப்பாவுக்குப் படிக்கத் தெரியும். அந்த நினைப்பை அப்படியே விட்டுவிட்டேன். இன்றுவரை அது போகவும் இல்லை.

கீழப்பாவூருக்கு வண்டி பிடித்துப் போனேன். வழியெல்லாம் ஒரே கவலை, அந்த ஆளை என்னவென்று கூப்பிடுவது என்று. அத்தான் என்று கூப்பிட்டால் உறவு இருக்கிறது என்று ஆகிவிடும். நாளைக்கு அதற்கும் சாட்சி வைப்பான். அண்ணாச்சி என்று கூப்பிட்டால் வம்புக்கு இழுப்பான். அவர் களத்தில் நெல் அவித்துக்கொண்டிருந்தார். அடுப்பில் இருந்தது, பேர் சுரண்டின அந்த அண்டாதான்.

"வந்து... சௌக்கியமா?" என்றேன்.

"என்ன மாப்பிள்ளை, அத்தான்னு கூப்பிட நாக்கு வரலியோ?"

நான் சிரித்துவைத்தேன். அண்டா விஷயத்தைச் சொன்னேன்.

"உங்கப்பாதானய்யா வேண்டாம்னு வண்டியைத் திருப்பினாரு. அவிஞ்சதும் கொட்டிட்டுத் தாரேன், தூக்கிட்டுப் போ."

ஒரு வம்பும் பண்ணாமல் கொடுத்தார். அவர் இரண்டாவதாகக் கட்டின பெண்டாட்டியே சாம்பல் போட்டுக் கரியைத் தேய்த்து வண்டியில் ஏற்றினாள். இவ்வளவு சுலபமாக ஒருவன் ஏன் கொடுக்கிறான் என்று பாவூர்ச்சத்திரம் தாண்டும்வரை யோசித்துக்கொண்டே வந்தேன். வெயில் பட்டபோது சுரண்டின இடத்தில் எழுத்தின் அடி கொஞ்சம் தெரிந்தது. தடவிப் பார்த்தேன். ஒரு சுழி இருந்தது. அப்பா பேரில் சுழி வருகிற எழுத்தே கிடையாது.

கோர்ட்டில் கையெழுத்து என்னுடையது. வாதி இறந்துவிட்டதால் மகன் போட வேண்டும். அக்காவும் வந்திருந்தாள். குமாஸ்தா எழுதினதை வாசித்தார்: "பிராதில் கண்ட அண்டாவையே பெற்றுக்கொண்டேன்." அந்த 'யே' என் கையைப் பிடித்துக்கொண்டது. பேனாவை மையில் தொட்டேன், மறுபடியும் தொட்டேன்.

"என்ன வே, மை நல்லா இருக்கான்னு பாக்கீரா? அண்டா உங்களுதுதானே?"

நான் வாயைத் திறக்குமுன் அக்கா, வராந்தாவில் இருந்தவர்கள் எல்லாரும் திரும்பிப் பார்க்கும்படி சொன்னாள்.

"எங்க அண்டாதான். எனக்குத் தெரியாதா?"

அண்டா வெளியே வண்டியில் இருந்தது. அவள் இன்னும் அதைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. நான் கையெழுத்துப் போட்டேன்.

புது நகலைத் தமையனார் இரண்டு தரம் படித்தார். பிறகு மடித்துத் தம் இடுப்பில் செருகிக்கொண்டார். ஏன் திருப்பித் தரவில்லை என்று எனக்கு உறுத்தியது, கேட்கவில்லை. ஆவணியில் கல்யாணம் நடந்தது.

அண்டா இப்போது குற்றாலத்தில் எண்ணெய்க் கடைக்குப் பின்னால் தண்ணீர் நிரப்பி இருக்கிறது. முதல் தடவை போனபோது யாரும் பார்க்காத நேரம் பார்த்து அந்த இடத்தைத் தடவினேன். அக்கா பின்னால் வந்து நின்றாள்.

"என்னலே தடவுத?"

"ஒண்ணுமில்லக்கா. அழுக்கு."

அதற்குப் பிறகு எத்தனையோ முறை போயிருக்கிறேன். சுரண்டின பக்கம் எப்போதும் சுவரைப் பார்த்தே இருக்கிறது.