உறைப்பு வேண்டாத அப்பா

ரொறன்ரோ விமான நிலையத்தில் எங்களைக் கூட்டிப்போக வந்தவர்தான் என் அப்பா என்று அம்மா சொன்னார். நானும் நம்பினேன். அந்த நம்பிக்கை மூன்று வேளைச் சாப்பாடு வரைக்கும் தாங்கியது.

தொண்ணூறுகளின் தொடக்கம் அது. எனக்கு ஒன்பது வயது. அப்பா யாழ்ப்பாணத்தை விட்டுப் புறப்பட்டபோது எனக்கு நாலு வயது. அவருடைய முகம் எனக்குக் கல்யாணப் படத்தில் இருந்த மீசைக்காரரின் முகம். மற்றதெல்லாம் அம்மா சொன்ன கதைகள், அவற்றில் பாதிக்கு மேல் சாப்பாட்டுக் கதைகள். குழம்பில் உறைப்புக் குறைந்தால் அப்பா சோற்றுக் கோப்பையைத் தள்ளிவிட்டு எழுந்துவிடுவாராம். பொரித்த செத்தல் மிளகாய் பக்கத்தில் இல்லாவிட்டால் சோற்றில் கை வைக்கமாட்டாராம். அவர் சாப்பிட்டுக் கை கழுவிய பிறகுதான் அம்மா குசினிக்குள் தனியாக இருந்து சாப்பிடுவாராம். இதை அம்மா ஒரு குறையாகச் சொன்னதில்லை. அயலில் எல்லா வீட்டிலும் அப்படித்தான். அந்த மனிதரைச் சந்திக்கத்தான் நான் விமானம் ஏறி வந்திருந்தேன்.

சென் ஜேம்ஸ் ரவுணில் பதினான்காம் மாடியில் எங்கள் வீடு. வந்த அன்றைக்கே அம்மா களைப்பையும் பாராமல், ஊரிலிருந்து கொண்டுவந்த மிளகாய்த் தூள் போட்டு இறால் குழம்பு வைத்தார். மீசையில்லாத அந்த மனிதர் சோற்றை ஒரு சின்னக் கிண்ணத்தில் போட்டு வாய்க்கருகே தூக்கி வைத்துக்கொண்டு சாப்பிட்டார். குழைக்கவில்லை, பிசையவில்லை. இரண்டாவது வாயிலேயே இருமல் வந்து கண் சிவந்துவிட்டது. "கொஞ்சம் உறைப்புக் கூடிப்போச்சுது" என்று சொல்லிவிட்டு வெறும் சுடுதண்ணீரைத் தேநீர்போல உறிஞ்சிக் குடித்தார்.

அம்மா சொன்ன அப்பாவோடு ஒத்துவராதவற்றை நான் கணக்கெடுக்கத் தொடங்கினேன்.

மீனைப் பொரிக்க வேண்டாம், இஞ்சி போட்டு அவித்தால் போதும் என்றார். சோற்றுக்கு உப்புப் போடக் கூடாது என்றார். கீரையைக் கடையாமல் முழுசாக வதக்கச் சொன்னார். எல்லாவற்றையும்விட விசித்திரம், சாப்பாட்டை முன்னால் வைத்த பிறகும் அவர் தொடங்கமாட்டார். கையைக் கட்டிக்கொண்டு மேசையைப் பார்த்தபடி இருப்பார். "நீரும் வந்து இருந்து சாப்பிடுமன்" என்பார் அம்மாவிடம். "நீங்கள் சாப்பிடுங்கோ" என்று அம்மா குசினிக்குள் போய்விடுவார். பிறகும் கொஞ்ச நேரம் பார்த்திருந்துவிட்டு, மனமில்லாதவர்போல மெல்லச் சாப்பிடுவார். சமையல் பிடிக்காமல்தான் அப்படி இருக்கிறார் என்று அம்மா நினைத்தார். இவர் வேறு ஆள் என்று நான் நினைத்தேன்.

அப்பாவுக்கு முழங்காலில் சைக்கிளால் விழுந்த தழும்பு உண்டு என்று அம்மா முன்பு சொல்லியிருந்தார். ஒருநாள் அவர் சோபாவில் நித்திரையாக இருந்தபோது உடுத்திருந்த சாரத்தை மெல்ல விலக்கிப் பார்த்தேன். தழும்பு இருந்தது. எனக்குச் சந்தேகம் கூடியதே தவிரக் குறையவில்லை. இவ்வளவு தூரம் திட்டம் போட்டு வந்தவர் ஒரு தழும்பைச் செய்துகொள்ள மாட்டாரா?

அவருக்கு வேலை ஒரு சீன ரெஸ்ரோரன்டில். ஐந்து வருடமாகக் கிழமையில் ஆறு நாளும் இரண்டு நேரச் சாப்பாடு அங்கேதான். அவர் சாப்பிடும் விதத்தையெல்லாம் கீழ் மாடியில் இருந்த தமிழ் அன்ரியிடம் அம்மா சொன்னபோது அன்ரி கதவைச் சாத்திவிட்டு வந்து குரலைத் தணித்தார்.

"ஆம்பிளைக்கு வீட்டுச் சாப்பாடு இறங்கேல்லை எண்டால் வேறை ஆரோ வடிவாச் சமைச்சுப் போடுகினம் எண்டுதான் அர்த்தம். நீர் அவரின்ரை ஜக்கற்றை ஒருக்கா மணந்து பாரும்."

அம்மா மணந்து பார்த்தார். பிறகு என்னிடம் நீட்டினார். இஞ்சி, எண்ணெய், அவற்றுக்கு அடியில் மெல்லிசாக ஒரு மல்லிகை வாசம். வெளியே முழங்கால் அளவுக்குப் பனி கொட்டிக் கிடந்தது. அந்த ஊரில் அந்தக் காலத்தில் மல்லிகை எங்கே பூக்கும்? அம்மா ஜக்கற்றை அதே கொளுக்கியில் மாட்டிவிட்டு வெகுநேரம் அதைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

அடுத்து வந்த வெள்ளிக்கிழமை எனக்குப் பள்ளிக்கூடம் இல்லை. மத்தியானம் கழிந்ததும் அம்மா நல்ல சேலை ஒன்றை உடுத்து, அதன் மேல் கனத்த கோட்டும் காலில் சப்பாத்துமாக என்னைக் கூட்டிக்கொண்டு புறப்பட்டார். தண்டவாளத்தில் ஓடும் ஸ்ரீற்கார் பாலத்தைக் கடந்து கிழக்கே போனது. ஜெராட் வீதியில் இறங்கி, அப்பா எழுதி வைத்திருந்த விலாசத்தைக் கையில் பிடித்தபடி கடை கடையாகப் பார்த்துக்கொண்டு நடந்தோம். வெள்ளிக்கிழமை எங்கள் வீட்டில் மீன், இறைச்சி என்று மச்சம் எதுவும் இல்லை. அன்றைக்கு அவர் அங்கே என்ன சாப்பிடுகிறார் என்று பார்த்தால் மிச்சமும் தெரிந்துவிடும் என்றார் அம்மா. எனக்கும் அந்த வழி நல்லதாகப் பட்டது.

மத்தியான வியாபாரம் முடிந்து கடை பூட்டியிருந்தது. கண்ணாடிக்குள்ளால் பார்த்தோம். வட்ட மேசையைச் சுற்றி, கடையில் வேலை செய்யும் ஏழெட்டுப் பேர் இருந்தார்கள். நடுவில் ஒரு முழு மீன். அவரும் இருந்தார், பக்கத்தில் அம்மாவின் வயதில் குட்டை மயிர் வெட்டிய ஒரு பெண். அவள் ஏதோ சொல்ல, இவர் அவளுடைய பாஷையிலேயே பதில் சொல்லிச் சிரித்தார்.

 அம்மா கண்ணாடியில் தட்டினார்.

அந்தப் பெண்தான் ஓடிவந்து திறந்தாள். அம்மாவைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். உடனே கையை என் உயரத்துக்குத் தாழ்த்திக் காட்டி, பிறகு இன்னும் தாழ்த்தி, உள்ளே திரும்பி உரத்துச் சொன்னாள். மேசையில் இருந்த எல்லோரும் என்னைப் பார்த்துத் தலையாட்டினார்கள். எங்கள் படத்தை அவர் அங்கே எத்தனை தரம் காட்டியிருந்தாரோ தெரியாது. அவரோ ஈர ஏப்ரனோடு எழுந்து, பிழை செய்து பிடிபட்டவர்போல நின்றார்.

"என்னப்பா, வீட்டிலை ஏதும் பிரச்சினையோ?"

"இல்லை. சும்மா வந்தனாங்கள்."

அந்தப் பெண் இரண்டு கதிரைகளும் கிண்ணங்களும் கொண்டுவந்து வைத்தாள். சின்னக் கோப்பையில் தேநீர் ஊற்றினாள். ஆவி முகத்தில் பட்டதும் அம்மா திடுக்கிட்டு என்னைப் பார்த்தார். மல்லிகை. தேத்தண்ணியில் மல்லிகை.

"நாங்கள் சாப்பிட்டிட்டம்" என்றார் அம்மா. சாப்பிட்டிருக்கவில்லை.

யாரும் சாப்பிடும் குச்சியை எடுக்கவில்லை. அடுப்படியிலிருந்து வந்த பெரிய சமையல்காரர்கூட, வீட்டில் இவர் இருப்பதுபோலவே, கையை மடியில் வைத்துக்கொண்டு காத்திருந்தார்.

"நீர் இருந்தால்தான் இவையள் தொடங்குவினம்" என்றார் ஈர ஏப்ரனோடு நின்றவர் அம்மாவிடம்.

அம்மா கோட்டைக் கழற்றாமலே கதிரையின் விளிம்பில் இருந்தார். அவர் குச்சிகளால் ஒரு தட்டிலிருந்து காளானும் தயிர்க்கட்டிபோல வெள்ளையாக இருந்த ஒன்றும் எடுத்து, தன் கிண்ணத்தில் போடாமல் அம்மாவின் கிண்ணத்தில் வைத்தார். அம்மா அதைச் சந்தேகத்தோடு பார்த்தார்.

"பயப்பிடாதையும், சோயாவிலை செய்தது. இண்டைக்கு வெள்ளியெல்லே. எனக்கெண்டு தனிச் சட்டியிலை செய்யிறவ."

"ஆர்?"

"இவதான். உவர் பெரிய சமையல்காரரின்ரை மனிசி."

அந்தப் பெண்ணுக்குத் தன்னைப் பற்றித்தான் பேச்சு என்று தெரிந்திருக்க வேண்டும். தன் குச்சியைத் திருப்பிப் பிடித்து ஒரு கீரைத் தண்டை எடுத்து, தன் புருஷனுக்கும் முன்னால் அம்மாவுக்கு வைத்தாள். அப்புறம்தான் எல்லோரும் தொடங்கினார்கள். அம்மாவும் அவரும் ஒரே மேசையில் சாப்பிட்டதை அன்றைக்குத்தான் நான் முதலில் பார்த்தேன். அம்மா இரண்டு வாய் சாப்பிட்டார். மூன்றாவது வாயில் தலையைக் குனிந்துகொண்டார். கண்ணீர் கிண்ணத்துக்குள் விழுந்தது. இஞ்சி கடிபட்டுவிட்டது என்று நினைத்து நான் தண்ணீரை நகர்த்தி வைத்தேன்.

திரும்பி வரும்போது ஸ்ரீற்காரில் அம்மா ஜன்னலோரம் இருந்தார். நான் அவர் தீர்ப்புச் சொல்வதற்காகக் காத்திருந்தேன். சந்தேகப்பட்டுப் போனோம், உள்ளே நுழைந்து பார்த்தோம், அந்நிய பாஷை பேசுகிறார், குச்சியால் சாப்பிடுகிறார். இதற்கு மேல் என்ன சாட்சி வேண்டும்? பாலத்தின் மேல் ஏறியபோது பொறுக்கமுடியாமல் கேட்டேன்.

"அம்மா, இவர் எங்கடை அப்பாதானோ?"

அம்மா உறைந்து கிடந்த ஆற்றைப் பார்த்தார். கேள்வியை நிசமாகவே யோசித்துப் பார்ப்பவர்போல இருந்தது.

"இல்லைப் பிள்ளை" என்றார். "உவர் வேறை ஆள்."

சொல்லிவிட்டுச் சிரித்தார்.  நான் பெரிதாக அழத் தொடங்கினேன். ஸ்ரீற்காரில் இருந்த எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். அம்மா என் வாயைப் பொத்தி என்னைத் தன் கோட்டுக்குள் அணைத்துக்கொண்டார், ஆனாலும் சிரிப்பை அவரால் நிறுத்த முடியவில்லை. என் பயத்துக்கான காரணமும் அவருடைய சிரிப்புக்கான காரணமும் ஒன்றேதான் என்பது எனக்குப் பல வருடங்களுக்கு விளங்கவில்லை.