சார்ஜ் இறங்கிய மாலை

எங்கள் வீட்டு றேடியோவுக்கு உயிர் கொடுத்த பற்றரியில் மூக்கைத் துளைக்கும் ஒரு புளிப்பு வாடை அடிக்கும். எங்கள் பண்டத்தரிப்புக் கிராமத்தில் அன்று மின்சாரம் ஏது? பற்றரி சோரும்போதெல்லாம் ஐயா, அதாவது என் அப்பா, அந்தக் கனத்த பெட்டியை வைக்கோல் பரப்பிய மாட்டுவண்டியில் வைத்துப் பட்டணத்துக்குக் கொண்டுபோய் "சார்ஜ்" ஏற்றி வருவார்.

அந்தச் சொல்லே வண்டியில் பிறந்ததுதான் என்று பிற்காலத்தில் அகராதியைப் புரட்டியபோது அறிந்தேன். இலத்தீனில் வண்டியைக் குறித்த சொல், வண்டியில் பாரம் ஏற்றுவதாகி, துப்பாக்கியில் மருந்து திணிப்பதாகி, பற்றரிக்குள் மின்சாரம் ஏற்றுவதில் வந்து நின்றிருக்கிறது. பொறுப்பை ஒப்படைப்பதற்கும் குற்றம் சுமத்துவதற்கும்கூட அதே சொல்தானாம். எங்கள் மாடுகளுக்கு இதெல்லாம் தெரிந்திருக்க நியாயமில்லை.

மலாயாவில் கிளாக்கராக இருந்த அண்ணையிடமிருந்து, யப்பான்காரன் அங்கே புகுந்த பிறகு ஒரு கடிதமும் இல்லை. சண்டை ஓய்ந்ததும், அங்கே உயிரோடு இருப்பவர்களின் பெயர்களைச் சில நாட்கள் மாலைதோறும் றேடியோவில் வாசித்தார்கள். அதற்காகவே அம்மா பற்றரியைப் பொத்திப் பொத்திக் காத்தார்.

"பாட்டுக்குத் திறந்து சார்ஜை இறக்கிப்போடாதை பிள்ளை. அண்ணையின்ரை பேர் வரேக்கை உது ஊமையாய் இருந்திடும்."

எனக்குப் பன்னிரண்டு வயது, பாட்டென்றால் பைத்தியம். அம்மா கோயிலுக்குப் போயிருந்த ஒரு மத்தியானம், திருச்சியிலிருந்து வந்த கச்சேரியை ஆசை தீரக் கேட்டேன். அன்று மாலை, "மலாயா" என்ற சொல்லோடு அறிவிப்பாளரின் குரல் மெலிந்து அடங்கிப்போயிற்று. ஐயா குமிழைத் திருகினார், பெட்டியைத் தட்டினார்.

மறுநாள் சார்ஜ் ஏற்றிவந்து, மிச்ச நாட்களும் கடைசிப் பெயர்வரை கேட்டோம். அண்ணையின் பெயர் வரவில்லை. அம்மா அழவில்லை.

"பற்றரி செத்த அண்டைக்குத்தான் வாசிச்சிருப்பினம். அவன் இருக்கிறான்."

அதன்பிறகு இருபத்திரண்டு வருடம், தபால்காரன் வரும் நேரமெல்லாம் அம்மா வாசல் படலையடியில் நின்றார். நான் செய்ததைச் சொல்ல எனக்குத் துணிவு வரவேயில்லை. கடைசிப் படுக்கையில் அவரே என் கையைப் பிடித்தார்.

"அண்டைக்கு நீ பாட்டுக் கேட்டனீ. கோயிலாலை வந்து தொட்டுப் பாத்தனான், றேடியோ சூடாய்க் கிடந்தது. அழாதை. அந்த ஒரு பின்னேரத்தை வைச்சுத்தானே பிள்ளை நான் இவ்வளவு காலமும் இருந்தனான்."

இன்று எங்கள் வீட்டுச் சுவரெல்லாம் மின்சாரம் ஓடுகிறது. பேத்தி சமையலறையில் போனைச் சார்ஜில் போடுகிறாள். வண்டி இல்லை, ஐயா இல்லை, அம்மா இல்லை. அண்ணைக்கு நூறு வயது தாண்டியிருக்கும். அவர் இல்லை என்று மட்டும் இன்றுவரை என் வாயால் சொன்னதில்லை.