புளியோதரை மட்டும் ஏறிய மலை

கொலராடோவில் பதினாலாயிரம் அடி மலையின் உச்சியைத் தொட்டவன் நான். பொய். தொட்டது நான் கிளறிய புளியோதரை. என்னைப் பாதியிலேயே அரிசி மூட்டை மாதிரி இறக்கிவிட்டார்கள்.

நான் எட்டாம் வகுப்போடு நின்றவன். அமெரிக்காவில், டெக்சஸ் சமவெளியிலுள்ள பிளானோவில் ஒரு ஹோட்டலில் சமையல் மாஸ்டர். கடைக்கு வரும் ஐ.டி. குடும்பங்கள் மலையேறக் கிளம்பியபோது, சாப்பாட்டுக்காக என்னையும் தோசை போடும் என் கூட்டாளியையும் வேனில் ஏற்றிக்கொண்டார்கள். ஒரே நாளில் வண்டியை விரட்டிப் போய், மறுநாள் காலையே ஏறினோம்.

"ரெண்டு நாள் தங்கி உயரத்துக்கு உடம்பைப் பழக்கிட்டு ஏறணும்" என்றார் கூட வந்த டாக்டர் ஆன்ட்டி.

"மண்டே மீட்டிங் இருக்கு ஆன்ட்டி" என்றது ஐ.டி. கூட்டம்.

பன்னிரண்டாயிரம் அடியில் எனக்குத் தலை இடித்தது. கால் பின்னி விழுந்தேன். எல்லோரும் சிரித்தார்கள். அவர்களைச் சொல்லிக் குற்றமில்லை. காலையிலிருந்து விளையாட்டுக்கு இரண்டு தடவை செத்துக் காட்டியிருந்தேன். மூன்றாவது நிஜம் என்று யாருக்குத் தெரியும்?

"சூப்பர் ஆக்டிங், அண்ணா."

ஆன்ட்டி மட்டும் சிரிக்கவில்லை. நேராக நடக்கச் சொன்னார். நடந்தேன். இன்னும் பலத்த சிரிப்பு.

அவர் என் கூட்டாளியைப் பிடித்தார். "இந்த உயரத்துல மூளை வீங்கியிருந்தா, இறக்காம விட்டா ஆள் போயிடுவார். நடிக்கிறாரான்னு எனக்குப் புரியல. அவருக்கு நல்லா தெரிஞ்சது ஏதாவது கேளுப்பா."

"அண்ணே, இருபது பேருக்கு சாம்பார் சாதம். பருப்பு எவ்வளவு?"

"பார்த்துப் போடுடா."

அவன் முகம் வெளுத்துவிட்டது. ஒரு பிடி பிசகினாலும் கரண்டியை வீசுகிறவன் நான். "ஆன்ட்டி, இந்த ஆளு பருப்புல மட்டும் விளையாட மாட்டாரு. இறக்கிடலாம்."

என் ஒரு தோளை அவன் தாங்கினான், மறு தோளை ஆன்ட்டி. இறங்க இறங்க மண்டை தெளிந்தது. மரங்கள் தொடங்கும் இடத்தில், "ஒரு கிலோ" என்றேன்.

அவன் பாறையில் உட்கார்ந்து அழுதான். அளவு தப்போ என்று, "தண்ணியா வேணும்னா முக்கால் போதும்" என்று திருத்தினேன். அதற்கும் அழுதான்.

மற்றவர்கள் உச்சியில் என் புளியோதரையைப் பிரித்த கதை தனி. அதில் ஒருத்தர் பொட்டலத்தை...

"அண்ணே, நாப்பது பேர் ஆர்டர். பருப்பு எவ்வளவு?"

அடுப்படியிலிருந்து கூட்டாளி கூப்பிடுகிறான். உடனே போயாக வேண்டும். பதில் கொஞ்சம் தாமதமானால் என்னைத் தூக்கிக்கொண்டு கீழே இறங்க ஆரம்பித்துவிடுவான். இந்தத் தட்டையான பிளானோவில் இறங்குவதற்குப் பள்ளம் ஏது?