ஸ்டேடியத்தைத் திருப்பி வைத்த ட்ரேசர்

தாம்பரத்தில் ஒரு நகரமைப்பு அலுவலகத்தில் தபீதாள் ட்ரேசராக இருந்தாள். மேலேயிருந்து வரும் வரைபடத்தின்மீது மெல்லிய ட்ரேசிங் தாளை விரித்து, மைப்பேனாவால் அச்சு அசலாகப் பிரதி எடுக்கும் வேலை. பதினெட்டு வருஷமாக அதே சாய்வு மேஜை, அதே ஜன்னல். நேர்கோடு போடும்போது வாய் ஓயாமல் பேசுவாள். வளைகோடு வந்துவிட்டால் மூச்சை அடக்கிக்கொள்வாள். அப்போது யார் கூப்பிட்டாலும் கோடு முடியும்வரை பதில் வராது. ஆபீசர் பட்டாபிராமனே பக்கத்தில் வந்து காத்துக்கொண்டு நிற்பார்.

1990இல் பெரிய ஸ்டேடியம் ஒன்றின் வரைபடம் அனுமதிக்காக வந்தது. பீர்க்கன்கரணைப் பக்கம், ஏரியை ஒட்டிய புறம்போக்கில் இருபதாயிரம் பேர் உட்காரும்படி கட்டுவதாகத் திட்டம். ஸ்டேடியம் முட்டை வடிவம். அன்று முழுக்கத் தபீதாள் வாயே திறக்காததால், உடம்பு சரியில்லையோ என்று ப்யூன் சோடா வாங்கிவந்து வைத்தார்.

மறுநாள் மனையின் படத்தை எடுத்தாள். வழக்கப்படி பழைய சர்வே படத்தையும் பக்கத்தில் விரித்தபோது ஒன்று உறுத்தியது. ஏரி நிரம்பினால் மிச்சத் தண்ணீர் வெளியேற ஒரு வாய்க்கால் பழைய படத்தில் இருந்தது. புதியதில் இல்லை. அந்த இடத்தில் கிழக்கு காலரி உட்கார்ந்திருந்தது. தபீதாளின் வீடு அந்த ஏரிக்குப் பின்னால்தான். எண்பத்தைந்து மழையில் இடுப்பளவு தண்ணீரில் அந்த வாய்க்காலைத் தாண்டியவள் அவள்.

"சார், இங்க ஒரு வாய்க்காலக் காணோம்."

பட்டாபிராமன் எட்டிப் பார்த்தார். "தூர்ந்து போயிருக்கும்மா. கன்சல்டன்ட்டே சைட் போய்ப் பார்த்திருக்கா. வெள்ளிக்கிழமை ஃபைல் போயாகணும். நம்ம வேலை ட்ரேஸ் பண்றதுதானே?"

"இல்லாததப் போடச் சொன்னாக்கூடப் போட்டுடுவேன் சார். இருக்கறத விட்டுடச் சொன்னா கை வரமாட்டேங்குது."

பதினெட்டு வருஷத்தில் அவள் அவரிடம் எதிர்த்துச் சொன்ன முதல் வார்த்தை அது. அவர் ஃபைலை மூடித் தன் பக்கம் நகர்த்திக்கொண்டார். "வாயால சொன்னா மேல எடுபடாதும்மா. அளவு ஏதாவது இருந்தா கொண்டாங்கோ. திங்கள்வரை ஃபைலை வெச்சுக்கறேன்."

ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும் தபீதாள் நேரே கன்னியம்மாவைத் தேடிப் போனாள். கன்னியம்மா ஏரிக்கரையில் எருமை வைத்துப் பால் வியாபாரம் செய்பவள். எண்பத்தைந்து வெள்ளத்தில் தபீதாளின் கையைப் பிடித்துக் கரையேற்றியவளும் அவள்தான்.

"இன்னா தபீதா, கோயிலுக்குக் கட்டின பட்டுப்பொடவயோட சேத்துல வந்துகினு கீற?"

"ஏரித்தண்ணி போற வாய்க்கால் எங்கக்கா? காட்டேன்."

"எங்கயும் போவல, இங்கதான் கீது. முள்ளு மூடிகினு கீது, அவ்ளோதான்."

கன்னியம்மா அரிவாளால் வேலிகாத்தான் முள்ளை வெட்டிக்கொண்டே முன்னால் போக, பையில் கொண்டுவந்த அளவு டேப்பைப் பிடித்துக்கொண்டு தபீதாள் பின்னால் போனாள். ஐம்பதடிக்கு ஒரு தடவை அகலத்தையும் ஆழத்தையும் அளந்து, கையிலிருந்த சர்ச் பாட்டுப்புத்தகத்தின் கடைசித் தாளில் குறித்தாள். பட்டுப்புடவை இரண்டு இடத்தில் கிழிந்தது. வீட்டில் அதற்கு வாங்கிக் கட்டிக்கொண்டது தனிக்கதை.

திங்கட்கிழமை காலை, ஒரு ட்ரேசிங் தாளில் வாய்க்காலை மட்டும் சிவப்பு மையில் வரைந்து ஸ்டேடியம் படத்தின்மேல் வைத்தாள். சிவப்புக்கோடு காலரியின் வயிற்றைக் கிழித்துக்கொண்டு போயிற்று. பட்டாபிராமன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு மறுபடி பார்த்தார்.

"இதை நானே மேல எடுத்துண்டு போறேன்" என்றார். சொன்னபடி போகவும் செய்தார்.

பொதுமக்களின் ஆட்சேபனை கேட்கக் கூட்டம் போட்டார்கள். ஆபீஸ்காரி என்பதால் தபீதாள் பேச முடியாது. கன்னியம்மா எழுந்தாள். "ஐயா, ஆட்டம் ஆடுங்க, யாரு வேணான்னது? தண்ணிக்கு வழி வுட்டுட்டு ஆடுங்க." கூட்டம் சிரித்தது. பட்டணத்திலிருந்து வந்த இன்ஜினீயர் மட்டும் சிரிக்காமல் அதைக் குறித்துக்கொண்டார்.

ஏழு மாதம் அனுமதி நின்றுபோயிற்று. ஒரு ட்ரேசரால் ஊருக்கு வரவேண்டிய ஸ்டேடியம் போச்சு என்று ஆபீசிலேயே சிலர் காதில் விழும்படி பேசினார்கள். தபீதாள் தலை நிமிராமல் வேலை பார்த்தாள். ராத்திரி ஜெபத்தில் மட்டும், தான் அளந்தது தப்பாக இருக்கக்கூடாது என்று வேண்டிக்கொண்டாள்.

புதிய வரைபடம் வந்தது. ஸ்டேடியத்தை அப்படியே திருப்பி மேற்கே தள்ளியிருந்தார்கள். வாய்க்கால் முழுசாக இருந்தது, அதன்மேல் ஒரு சின்னப் பாலத்தோடு.

"எல்லாத்தையும் திரும்பப் போடணும், நீங்கதாம்மா..." என்று பட்டாபிராமன் இழுத்தார்.

"குடுங்க சார்" என்று அவர் கையிலிருந்து பிடுங்காத குறையாக வாங்கிக்கொண்டாள்.

தொண்ணூற்றிரண்டில் அனுமதிக் கடிதம் வந்தது. பட்டாபிராமன் குரோம்பேட்டையிலிருந்து ஜாங்கிரி வாங்கிவந்து முதல் பொட்டலத்தை அவள் மேஜையில் வைத்தார். தன்னைக் குறை சொன்னவர்களுக்கும் தபீதாளே எடுத்துப்போய்க் கொடுத்தாள்.

தொண்ணூற்றாறில் ஸ்டேடியம் திறந்தார்கள். ஓய்வு பெற்றுவிட்ட பட்டாபிராமன் இரண்டு பாஸ் அனுப்பிவைத்தார். தபீதாளும் கன்னியம்மாவும் கிழக்கு காலரியில் வேர்க்கடலையோடு உட்கார்ந்தார்கள். கீழே பள்ளிக்கூடப் பெண்களின் தொடர் ஓட்டம் நடந்துகொண்டிருந்தது.

"இன்னாத்துக்குக் குச்சியக் கைமாத்திக்கினு ஓடுதுங்க?"

"யாருக்குத் தெரியும்க்கா? எல்லாரும் கத்துறாங்க, நாமளும் கத்துவோம்."

இரண்டு பேரும் எழுந்து நின்று, கடைசியாக ஓடிவந்த பெண்ணுக்காகத் தொண்டை கட்டும்வரை கத்தினார்கள்.