போதகர் மட்டும் பார்க்க

எங்கள் சபையின் செயலியில் ஜெபக் குறிப்பு எழுதும்போது "போதகர் மட்டும்" என்று தேர்வு செய்யலாம். அதை நம்பித்தான் எழுதினேன்: இந்தச் சம்பந்தம் தட்டிப் போக வேண்டும், அம்மாவுக்கு இன்னும் சொல்லவில்லை.

இன்று மாலை ராயபுரம் பஸ்ஸில் பெண்கள் ஐக்கியத்து ஸ்டெல்லா அக்கா பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

"இன்னாம்மா, எண்ணூர் மாப்ள வோணாமாமே? நல்ல புள்ளம்மா. கல்யாணம் முடியணும்னு நாங்கல்லாம் ஜெபம் பண்ணிகினு கீறோம்."

அங்கிருந்தே போதகருக்கு போன் செய்தேன்.

"ஐக்கியத்துல எல்லாருக்கும் அட்மின் குடுத்துட்டேன்மா. கர்த்தர் சந்நிதியில பெரியவங்க சின்னவங்கன்னு உண்டா?"

எல்லாருக்கும் என்றால், ஐக்கியத்தில் இருக்கும் என் அம்மாவுக்கும். நல்லவேளை, எனக்கும். போட்ட குறிப்பை அழிக்க வழியில்லை; இறங்குவதற்குள் செயலியைத் திறந்து அம்மாவின் அனுமதியை எடுத்துவிட்டேன்.

உடனே அம்மாவின் போன்.

"ஏய், சர்ச் ஆப் தொறக்க மாட்டேங்குது. ஸ்டெல்லா எதையோ பாருன்றா. சீக்கிரம் வூட்டுக்கு வந்து சரி பண்ணிக் குடு."

இன்னும் பஸ் ஸ்டாப்பிலேயே நிற்கிறேன். எனக்குப் பின்னால் வந்த மூன்று பஸ்ஸிலிருந்து இறங்கியவர்களும் வீடு போய்ச் சேர்ந்திருப்பார்கள்.

இந்தப் பதிவையும் "நண்பர்கள் மட்டும்" என்றுதான் போட்டிருக்கிறேன். நம்பலாமா?